பேஜாருக்கு அர்த்தம் கேட்காத பெண்

நான் நல்ல நர்ஸ். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கை நடுங்குகிறவருக்கும் ஒரே குத்தில் நரம்பு பிடிப்பேன். ஒரே ஷிப்டில் இரண்டு பேருக்கு மூச்சு நின்று, இரண்டு பேரையுமே நடந்து வீட்டுக்குப் போக வைத்த டீமில் இருந்திருக்கிறேன். ஆனால் நல்ல நர்ஸாக இருப்பது ஒன்று, இன்னொருத்தியை நல்ல நர்ஸாக ஆக்குகிறவளை உருவாக்குவது வேறொன்று. அது எனக்கு ஐம்பத்தாறு வயதில்தான் உறைத்தது. சும்மாவும் உறைக்கவில்லை. அதற்கு ஒரு மனிதர் செத்துப் பிழைக்க வேண்டியிருந்தது, ஒரு பெண் பெட்டியைக் கட்ட வேண்டியிருந்தது.

சென்ற மாதம் வேலப்பன்சாவடியில் ஒரு நர்சிங் கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மாணவிகளுக்கு அல்ல. ஐந்தாறு வருடம் வேலை பார்த்த நர்ஸுகளுக்கு ஒரு நாள் பயிற்சி. புதிதாகச் சேருகிறவளுக்குத் துணையாக ஒரு சீனியரைப் போடுவது இப்போது எல்லா மருத்துவமனைகளிலும் வந்துவிட்டது. பிரிசெப்டர் என்று பெயர். அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்.

"மேடம், எனக்கு ஒரு பேட்ஜ் குத்தி உட்டுட்டாங்க. இன்னிலேர்ந்து நீ பிரிசெப்டர்னாங்க. நான் இன்னா பண்ணணும்னு ஒருத்தரும் சொல்லல. எனக்குக் குடுத்த ரெண்டு புதுப் பொண்ணுல ஒண்ணு ஓடியே போச்சு."

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஏனென்றால் அப்படி பேட்ஜ் குத்தி அனுப்பிய மேடங்களில் நானும் ஒருத்தி. அங்கே ஐந்து நிமிடத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் சொந்தக் கதை சுருக்கமானது. பிறந்தது திருமழிசைப் பக்கம், விவசாயக் குடும்பம். நர்சிங் டிப்ளமோ முடித்தேன், கல்யாணம் ஆனது, ஆவடியில் கணவரின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு நர்ஸாகச் சேர்ந்து, அங்கேயே நர்சிங் சூப்பரிண்டென்டன்ட் ஆகி ஓய்வு பெற்றேன். நான் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கிடைத்த பயிற்சி இதுதான்: இன்சார்ஜ் சிஸ்டர் என் கையிலிருந்த டிரேயைப் பிடுங்கி, "போய் ஓரமா நின்னு பாரு" என்றார். ஓரமாக நின்றேன், பார்த்தேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். எங்கள் தலைமுறையே அப்படித்தான் கற்றது. அதனால் திட்டினால்தான் வேலை வரும் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். அந்தத் திட்டு தாங்காமல் என்னோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் மாதமே காணாமல் போனார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

கொரோனா முடிந்த அடுத்த வருடம் அந்தக் காணாமல் போவது எங்கள் கழுத்தைப் பிடித்தது. பழைய நர்ஸுகள் வெளிநாட்டுக்குப் போனார்கள். புதியவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். காலையில் ஷிப்ட் போட உட்கார்ந்தால் பாதி கட்டம் காலியாக இருக்கும். ராஜினாமாக் கடிதத்தில் எல்லோரும் "குடும்பச் சூழ்நிலை" என்றே எழுதுவார்கள். எல்லார் குடும்பத்திலும் ஒரே நேரத்தில் என்ன சூழ்நிலை வந்துவிடப் போகிறது?

அப்போதுதான் நான் பிரிசெப்டர் திட்டத்தைக் கொண்டுவந்தேன். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வார்டில் அதை "ஜோடி சிஸ்டர்" ஆக்கிவிட்டார்கள். ஒரு புதிய நர்ஸுக்கு ஒரு ஜோடி சிஸ்டர், ஆறு வாரம். அதற்கு நானே உட்கார்ந்து ஒரு படிவம் தயார் செய்தேன். புதியவள் கற்க வேண்டிய நாற்பது வேலைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே "கூட இருந்து பார்த்தேன்" என்று ஒரு கட்டம். ஜோடி சிஸ்டர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரத்துக்குள் நாற்பதும் நிரம்ப வேண்டும், கடைசியில் என் கையெழுத்து. அந்தப் படிவத்தைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை. லேமினேட் செய்து என் அறையில் மாட்டாததுதான் பாக்கி.

முதல் ஜோடி சிஸ்டராக யாரைப் போட்டேன்? எங்கள் வார்டிலேயே கெட்டிக்காரி யாரோ அவரைத்தான். பட்டாபிராமத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் வசந்தா. பத்தொன்பது வருட அனுபவம். நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டு நூற்றிரண்டு என்பார், தெர்மாமீட்டர் அதையே காட்டும். ஆனால் பொறுமை என்பது அவர் ஊர்ப் பக்கமே போனதில்லை. புதியவள் ஊசி ஏற்ற ஒரு நொடி தயங்கினால், "தா இங்க" என்று பிடுங்கித் தானே போட்டுவிடுவார். ஏதாவது கேட்டால், "இதுகூடத் தெரியாதா? நாலு வருஷம் இன்னா படிச்ச?" என்பார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எட்டு நோயாளிகளை வைத்துக்கொண்டு ஓடுகிறவருக்கு வேறு எப்படிப் பேச வரும்? ஜோடி சிஸ்டர் ஆக்கிய பிறகு அந்த எட்டை நான் ஏழாகக்கூடக் குறைக்கவில்லை.

அவருக்கு நான் கொடுத்த புதியவள் பெயர் முத்துச்செல்வி. சங்கரன்கோவில் பக்கம். அப்பா விசைத்தறியில் வேலை. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். படிப்பில் சுட்டி, கை சுத்தம். ஆனால் சென்னைப் பேச்சு அவளுக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்து நோயாளிகள் பேசுகிற தமிழ் அவள் ஊர்த் தமிழுக்கு வெகுதூரம்.

நான்காவது வாரம் ஒரு நாள், நோயாளி ஒருவரின் மனைவி அவளிடம், "டாக்டரு அப்பால வருவாராம்மா?" என்று கேட்டிருக்கிறார். அப்பால என்றால் அப்புறம் என்று இவளுக்குத் தெரியவில்லை. வெளியே எங்கோ வருவாரா என்று கேட்கிறார்கள் போலிருக்கிறது என நினைத்து வாசல் கதவைக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா விழித்ததும் வசந்தாவிடம் போய், "அப்பாலன்னா என்னக்கா?" என்று கேட்டாள். நர்சிங் ஸ்டேஷனில் இருந்த நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இதுகூடத் தெரியாதா? இந்தப் பொண்ணுக்கு ஊசி அப்பால சொல்லிக் குடுக்கலாம், மொதல்ல தமிழ் சொல்லிக் குடுக்கணும் போலகீது" என்றார் வசந்தா. மறுபடி சிரிப்பு. அந்த வழியாகப் போன நானும் சிரித்துவிட்டுப் போனேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை டூட்டி. முத்துச்செல்வியின் நோயாளிகளில் ஏகாம்பரம் என்று ஒருவர். செம்பரம்பாக்கம். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்தவர், இப்போது அதே மண்ணில் எழும்பிய கிடங்கு ஒன்றில் வாட்ச்மேன். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். தினமும் காலை ஏழரைக்கு அவருக்கு இன்சுலின் போட வேண்டும், அரை மணிக்குள் அவர் சாப்பிட வேண்டும். முத்துச்செல்வி ஏழரைக்குச் சரியான அளவில், சரியான முறையில் ஊசி போட்டாள். ஐந்து நிமிடத்தில் ஸ்கேன் அறையிலிருந்து போன் வந்தது: ஏகாம்பரத்துக்கு இன்று வயிற்று ஸ்கேன், வெறும் வயிற்றோடு வைத்திருங்கள், கூப்பிடுகிறோம். அந்த ஆர்டரை டாக்டர் முந்தின நாள் மாலையே எழுதியிருந்தார். டூட்டி மாற்றும்போது அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வந்த இட்லித் தட்டை ஆயா மூடி, ஓரமாக வைத்துவிட்டார்.

ஊசி உள்ளே போயாயிற்று, சாப்பாடு இல்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். கவனிக்காவிட்டால் ஆள் நினைவிழப்பார், அதற்கு மேலும் போகலாம்.

எட்டேகாலுக்கு ஏகாம்பரம் அவளைக் கூப்பிட்டு, "பேஜாரா கீதும்மா" என்றார்.

பேஜார் என்ற சொல்லை முத்துச்செல்வி சினிமாவில் கேட்டிருந்தாள். தொல்லை, எரிச்சல் என்றுதான் அவளுக்குத் தெரியும். அது தப்பும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் உடம்பு ஒரு நிலையில் இல்லாமல் தவிப்பதையும் பேஜார் என்றுதான் சொல்வார்கள். சாப்பாடு வராததால் பெரியவருக்கு எரிச்சல் என்று அவள் எடுத்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க ஐயா, ஸ்கேன் முடிஞ்சதும் சாப்பிட்டுரலாம்" என்றாள்.

பத்து நிமிடம் கழித்து அவர் மறுபடி, "இன்னாம்மா நீ, பேஜாரா கீது, பேஜாரா கீதுன்னு சொல்லிக்கினே கீறேன், காதுல வாங்காமப் போய்கினே கீற" என்று டம்ளரைத் தட்டிவிட்டார். சர்க்கரை இறங்கினால் சிலருக்கு இப்படிக் கோபமும் வரும். புத்தகத்தில் இருக்கிறது, அவளும் படித்தவள்தான். ஆனால் எட்டு நோயாளிகளுக்கு நடுவில் நிற்கும்போது, கத்துகிற மனிதர் கோபக்காரராகத்தான் தெரிவார். உணவு தாமதமானதால் நோயாளி கோபமாக இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் கேஸ் ஷீட்டில் எழுதினாள், நேரமும் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரரின் மகள் கத்தினாள். ஏகாம்பரத்தின் தலை தொங்கியிருந்தது. வசந்தா ஓடினார். கழுத்தைத் தொட்டவுடனே, "சட்டை நனைஞ்சு கீது, ஒடம்பு ஜில்லுனு கீது, சுகர் பாரு" என்றார். முப்பத்தெட்டு; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. டாக்டர் வருவதற்குள் கையில் ஊசி ஏறிவிட்டது, டாக்டர் சொல்லச் சொல்ல குளுக்கோஸ் மருந்து நேராக நரம்பில் போனது. சில நிமிடத்தில் ஏகாம்பரம் கண்ணைத் திறந்து சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னா இத்தினி பேர் நிக்கிறீங்கோ? என் இட்லி எங்க?" என்றார்.

எல்லோருக்கும் உயிர் திரும்பியது. முத்துச்செல்வி மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைக் கம்பியிலிருந்து நான்தான் எடுத்துவிட்டேன்.

அன்று மாலையே விசாரணை. எங்கள் மருத்துவக் கண்காணிப்பாளர் ராணுவ மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கர்னல் என்றுதான் சொல்வோம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உட்கார்ந்தவுடன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைப்பார். இந்த அறையில் யாரும் நேரம் பார்க்கக் கூடாது என்று அர்த்தம். அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. விசாரணையில் பதவியில் கீழே இருப்பவர்தான் முதலில் பேச வேண்டும், மேலே இருப்பவர் கடைசியில். மேலதிகாரி முதலில் பேசிவிட்டால் கீழே இருப்பவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்பது ராணுவத்தில் அவர் கற்ற பாடம். யாராவது ஊகமாகப் பேசினால், "பார்த்தீர்களா, கேட்டீர்களா?" என்று கேட்பார். இரண்டும் இல்லை என்றால் அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுவார்.

அதனால் ஆயா முதலில் பேசினார், பிறகு முத்துச்செல்வி. அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. "என் தப்புதான் சார். அவங்க சொன்னது எனக்கு விளங்கல. விளங்கலன்னு தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்" என்றாள். ஏன் சும்மா இருந்தாய் என்றார் கர்னல். அவள் தரையைப் பார்த்தாள்.

மனிதவள மேலாளர் முறைக்குக் காத்திராமல் குறுக்கே பேசினார். அந்தப் பெண் இன்னும் தகுதிகாண் காலத்தில்தான் இருக்கிறாள், ஒரு கடிதத்தில் விஷயம் முடிந்துவிடும், நோயாளியின் குடும்பத்துக்கும் நடவடிக்கை எடுத்தோம் என்று சொல்லலாம் என்றார். கர்னல் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் கொண்டுவந்திருந்த என் பெருமைமிக்க படிவத்தைக் கையில் எடுத்தார். மெதுவாகப் பக்கம் புரட்டினார்.

"சிஸ்டர் வசந்தா, சர்க்கரை குறைவை அடையாளம் காண்பதை இந்தப் பெண் செய்தபோது கூட இருந்து பார்த்ததாகக் கையெழுத்து இருக்கிறது. அதே தேதியில் இன்னும் இருபத்தாறு விஷயம் பார்த்திருக்கிறீர்கள். ஒரே பேனா. ஒரே நாள்."

வசந்தா என்னைப் பார்த்தார். அவர் என்ன சொன்னாலும் நம்ப வேண்டிய இடத்தில்தான் நாங்கள் இருந்தோம். வேலையில் நெருப்பு, பத்தொன்பது வருடத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. எதிரே இருப்பதோ ஒரு மாதம்கூட முடிக்காத பெண், அவளே தப்பை ஒப்புக்கொண்டும் விட்டாள்.

"நான் பாக்கல சார்" என்றார் வசந்தா. "பாத்தேன்னு போட்டுட்டேன். எனக்கு எட்டு பேஷன்ட், அந்தப் பொண்ணுக்கு எட்டு. நான் எப்போ போயி கூட நிக்கிறது? பாரம் குடுக்க கடைசித் தேதின்னு மேடம் கேட்டாங்க, ஒக்காந்து எல்லாத்துலயும் போட்டேன்." முத்துச்செல்வியைக் காட்டினார். "அதுகூடப் பரவால்ல சார். காலைல அந்தப் பொண்ணு என்னாண்ட வர்றதுக்கு ரெண்டு அடி எடுத்து வச்சுது. நான் பாத்தேன். அப்படியே திரும்பிப் போயிடுச்சு. நேத்து அது அர்த்தம் கேட்டப்போ நான் சிரிச்சேன் சார். அதான் திரும்பிப் போச்சு."

முத்துச்செல்வி அப்போதுதான் அழுதாள். கட்டில் பக்கத்தில் அழவில்லை, தப்பை ஒப்புக்கொண்டபோதும் அழவில்லை.

கடைசியில் என் முறை. மனதில் தயாரித்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. கண்காணிப்பை இறுக்குவது, படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்ப்பது என்று. வசந்தா பேசியதைக் கேட்ட பிறகு அதை விட்டுவிட்டேன். "சார், அந்தக் கையெழுத்துக்கெல்லாம் கீழே இருப்பது என் கையெழுத்து" என்றேன். "வேலை தெரிந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் தெரியும் என்று நானாக முடிவு பண்ணினேன். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அவருக்கு நான் ஒரு நாள்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. நேரமும் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணை அனுப்புவதானால் முதலில் என்னை அனுப்புங்கள்."

கர்னல் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "யாரையும் அனுப்பப் போவதில்லை. குடும்பத்திடம் நான் உண்மையைச் சொல்கிறேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நாளைக்கு எழுதிக் கொடுங்கள், சிஸ்டர்" என்றார். சொன்னபடி அவரே ஏகாம்பரத்தின் மகனை உட்கார வைத்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்த மகன் அரை மணி நேரம் கத்தினார், அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. பிறகு, இனிமேல் அப்பாவுக்கு எதற்காவது பட்டினி போட்டால் தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும் என்றார். நியாயம்தானே?

வேலை போகவில்லை என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை விடுதிப் பொறுப்பாளர் போன் செய்தார். முத்துச்செல்வியின் அப்பா ரயிலேறி வந்துவிட்டார், பெட்டி கட்டியாயிற்று. வேலையை விட்டு மட்டுமல்ல, நர்சிங்கையே விட்டு. ஊரில் ஜெராக்ஸ் கடையில் உட்காரப் போகிறாளாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த விசாரணைக்கு முன்னால் என்றால் கோபம் இவள் மேல்தான் வந்திருக்கும். இப்போது என் மேல் வந்தது. விடுதிக்குப் போனேன். வரவேற்பறையில் மடியில் பையை வைத்தபடி அந்த அப்பா உட்கார்ந்திருந்தார், மெலிந்த மனிதர்.

"நீங்க நல்லவங்கன்னு பிள்ள சொல்லுதா. ஆனா அவ நேத்துலருந்து சாப்பிடல. நா இவளக் கூட்டிட்டுப் போயிருதேம்மா" என்றார்.

நான் எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளை எல்லாம் சொன்னேன். உங்கள் பெண் கெட்டிக்காரி, எதிர்காலம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். முத்துச்செல்வி மாடிப்படியில் பெட்டியோடு நின்றாள். என் பேச்சு இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை என்பது தெரிந்தது.

அப்போது வசந்தா வந்தார். அவருக்கு அன்று விடுமுறை. யாரும் வரச் சொல்லவில்லை. நேராக அந்த அப்பா எதிரில் போய் நின்றார்.

"அண்ணே, நான்தான் வசந்தா. உங்க பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லி என்னைத்தான் போட்டாங்க. நான் சொல்லிக் குடுக்கல. சிரிச்சேன். இது வேலைய உட்டுப் போச்சுன்னா, நான் அனுப்புனதாத்தான் அர்த்தம்." மாடிப்படியைப் பார்த்துத் திரும்பினார். "பத்து நாளு குடும்மா. நீ கேளு, நான் சொல்றேன். மறுபடி சிரிச்சேன்னா நானே உன்னை ரயில் ஏத்தி உடறேன்."

அந்த அப்பா மகளைப் பார்த்தார். "என்னம்மா செய்ய?" என்றார்.

முத்துச்செல்வி பெட்டியைப் படியில் இறக்கி வைத்தாள். பிறகு, "பத்து நாளு பாக்கேன்ப்பா" என்றாள். "ஆனா மேடம், என்ன வேற யாருகூடயும் போடக் கூடாது. வசந்தா அக்காகூடத்தான் போடணும்."

வேறு நல்ல குணமுள்ள சிஸ்டரிடம் அவளை மாற்றத்தான் நான் நினைத்திருந்தேன். தப்பைத் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்வதைவிட நல்ல குணம் எது என்று அந்தப் பெண் எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

அன்றே கர்னலுக்கு எழுதினேன். ஜோடிக்கு இரண்டு பேருக்குமாகச் சேர்த்து எட்டு நோயாளிகள்தான், பதினாறு அல்ல. ஆறு வாரத்துக்கு இதில் பேரம் கிடையாது. மனிதவள மேலாளர் ஆள் பற்றாக்குறை என்றார். ஓடிப் போகிறவர்கள் நின்றால் பற்றாக்குறை தீரும் என்றேன். கர்னல் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தைத் தூக்கிப் போடவில்லை. ஆனால் ஒரு நாளில் மூன்று கையெழுத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புவேன் என்று சொன்னேன். ஜோடி சிஸ்டர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்தேன். ஊசி எப்படிப் போடுவது என்று அல்ல, ஊசி போடுகிறவள் பின்னால் எப்படி நிற்பது என்று. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தவறு நோயாளியைத் தொடப் போகிறது என்றால் மட்டும் கை முன்னால் வரலாம். வசந்தாவுக்கு இது பெரிய தண்டனையாக இருந்தது. "கை அரிக்குது மேடம்" என்பார். கேள்வி கேட்டவளுக்குப் பதில் சொல்லும் முன், "நீ இன்னா நெனைக்கிற?" என்று ஒரு முறை திருப்பிக் கேட்கவும் பழக்கினேன். "இதுகூடத் தெரியாதா" என்ற வாக்கியத்தை வார்டில் தடை செய்தேன். யார் சொன்னாலும் அன்று அவர்தான் எல்லோருடைய சாப்பாட்டு டப்பாவையும் கழுவ வேண்டும். முதல் வாரம் நானே இரண்டு தடவை கழுவினேன்.

வசந்தா தானாகவே ஒன்று செய்தார். ஒரு நோட்டில் எங்கள் பக்கத்துச் சொற்களை எழுத ஆரம்பித்தார். கிர்ருனு வருது என்றால் தலைசுற்றல், அப்பால என்றால் அப்புறம், மெர்சல் என்றால் மிரண்டு போவது. சென்னைக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்று சேர்த்தார்கள். தெற்கத்திப் பெண்களும் மலையாளப் பெண்களும் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். இப்போது சிரிப்பு எதிர்ப்பக்கம் இருந்தது, அதில் யாருக்கும் வருத்தமில்லை.

இத்தனையும் செய்தேன், சரி. ஆனால் பத்து நாள் முடிந்து பன்னிரண்டாம் நாளும் ஆனது, முத்துச்செல்வி இருப்பதாகவும் சொல்லவில்லை, போவதாகவும் சொல்லவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்தாள். வசந்தா தானாகச் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளாக வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்காத நர்ஸ் போய்விடுவாள், அல்லது இருந்து ஒருவரைக் கொன்றுவிடுவாள். இரண்டில் எது நடந்தாலும் நான் செய்ததெல்லாம் வீண்.

பதினைந்தாம் நாள் காலை ஏழரை. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்திருந்த நேரம், வார்டு நிறைய ஆட்கள். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். வசந்தா வார்டின் அந்தக் கோடியில் ஒரு டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். இந்தக் கோடியில், குமணன்சாவடியில் பூ விற்கும் ஒரு அம்மாவின் கட்டிலருகே முத்துச்செல்வி இன்சுலின் ஏற்றிய சிரிஞ்சோடு நின்றாள்.

"ராத்திரி சாப்பிட்டீங்களாம்மா? இப்ப சாப்பிட முடியும்லா?" என்று கேட்டாள்.

"வாயெல்லாம் கசக்குதும்மா. ராவு தம்மாத்தூண்டு துன்னேன். இப்பவும் தம்மாத்தூண்டு தான் எறங்கும்" என்றார் அந்த அம்மா.

அந்தச் சொல் நோட்டில் இல்லை. சிரிஞ்சு பிடித்த கை அப்படியே நின்றது. எனக்குத் தெரியும், நானே சொல்லிவிடலாம், நான்கு அடிதான் தூரம். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் வசந்தா இருந்த பக்கம் பார்த்தாள், டாக்டர்களைப் பார்த்தாள், வேடிக்கை பார்க்கிற ஜனத்தைப் பார்த்தாள். பிறகு வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"யக்கா, தம்மாத்தூண்டுன்னா எவ்வளவுக்கா?"

யாரோ ஒருவர் களுக்கென்றார். வசந்தா சிரிக்கவில்லை. டாக்டரை அப்படியே விட்டுவிட்டு வார்டின் நீளத்துக்கு நடந்து வந்தார். சுண்டு விரல் நுனியைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார்.

"இவ்ளோண்டு. இப்ப நீ இன்னா நெனைக்கிற?"

"அப்ப ஊசி போட மாட்டேன்க்கா. சர்க்கரை பாத்துட்டு டாக்டர்ட்ட கேக்கேன்."

பார்த்தாள். சர்க்கரை ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது. அவளே டாக்டரிடம் போய்ச் சொன்னாள், அவர் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்து, சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார். அவள் திரும்பி வந்து அந்த அம்மாவுக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்தாள். நான் வாசலைவிட்டு நகர்ந்து, யாரும் பார்க்காத இடத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இருக்கப் போகிறாயா, போகப் போகிறாயா என்று அதன் பிறகு நான் அவளைக் கேட்கவே இல்லை.